புளித்த தவிடு: ஒரு மக்காச்சோளத் தோட்டத்தில் நாலு மயில்கள்

மாசி மாதம் முதல் வாரம், காலை ஆறே முக்கால் மணி. போனில் பேசியவர் எனக்கு ஏழெட்டு வருடமாகத் தெரிந்த விவசாயி. அவருடைய எருமைக்கும் மாடுகளுக்கும் நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். "டாக்டருங்களா? நம்ம தோட்டத்துல மயிலு நாலு உழுந்து கெடக்குதுங்க. வாயில நொரை தள்ளுதுங்க. கொஞ்சம் வெரசா வந்தீங்கன்னா பரவாயில்லீங்க" என்றார். மாடு கன்று போட முடியாமல் தவித்த ராத்திரிகளில்கூட நிதானமாகப் பேசுகிற மனுசன். அன்றைக்குக் குரல் நடுங்கியது.

குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. நாலு ஏக்கர் தோட்டம், போர்வெல், சொட்டுநீர். இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தார், 34 நாள் பயிர். மீதியில் தென்னையும் தீவனப்புல்லும். கிழக்கே இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவில் போகிற மண்பாதை. அதை ஒட்டிப் பழைய கிளுவை வேலி இன்னும் உயிரோடு நிற்கிறது. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அவரும் மனைவியும், கல்லூரிக்குப் போகிற மகனும், எழுபதைத் தாண்டிய அம்மாவும் இருக்கிறார்கள்.

இந்த நிகழ்வை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அன்றைக்கு மதியத்துக்குள் ஊர் ஒரு தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு தப்பு. அதை அப்படியே விட்டிருந்தால் அடுத்த பட்டத்திலும் அதே தோட்டத்தில், அல்லது பக்கத்துத் தோட்டத்தில், மறுபடியும் மயில்கள் செத்திருக்கும்.

போய்ப் பார்த்தபோது

ஏழே காலுக்குத் தோட்டத்தில் இருந்தேன். மேற்கு வரப்பில் பதினைந்து தப்படித் தூரத்துக்குள் மூன்று பெட்டை மயில்கள். ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது. ஆண் மயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கால் இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு, தோகை முழுக்கச் சேற்றில் கிடக்க, நெஞ்சைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. கழுத்து நிற்கவில்லை. தூக்க முயன்று, பாதி எழும்பி, மறுபடி மடங்கும். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பச்சையாகத் தண்ணீர்க் கழிச்சல். இறக்கையில் சின்னச் சின்னத் துடிப்பு. மனுசனுக்கோ ஆட்டுக்கோ பூச்சிமருந்து ஏறினால் என்ன தெரியுமோ அத்தனையும் தெரிந்தது.

மயில்கள் மட்டும் இல்லை. வரப்போரம் தேடியதில் ஐந்து மைனாக்களும் ஒரு கௌதாரியும் செத்துக் கிடந்தன. சாளைக்குப் பின்னால் அந்த அம்மாவின் நாட்டுக்கோழி ஒன்று வாய் பிளந்து கிடந்தது. "ஆறு மணிக்குத்தான் கூட்டைத் தொறந்து உட்டங் கண்ணு. நல்லாத்தேன் போச்சு" என்றார் அவர். இந்த வாக்கியத்தை அப்போது காதில் வாங்கிக்கொண்டேனே தவிர, அதன் கனம் எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் வைத்தியம். இந்த அறிகுறிகளைக் கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகள்: ஆர்கனோ பாஸ்பேட், கார்பமேட். இரண்டுமே நரம்புக்கும் தசைக்கும் இடையில் வேலை முடிந்ததும் சமிக்ஞையை அணைக்கிற கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். அணையாத சமிக்ஞையால் எச்சில் கொட்டும், நெஞ்சில் சளி கட்டும், மூச்சு நிற்கும். இரண்டுக்கும் அட்ரோபின் கேட்கும். மருந்து தெளித்த சோளத்தட்டைத் தின்றுவிட்டு வரும் ஆடு மாடுகளுக்காக என் பையில் அது எப்போதும் இருக்கும். தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தோம்: ஆண் நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பெட்டைகள் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழ். எடைக்குத் தக்கபடி தசையில் ஊசி போட்டேன்.

இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும், இளம் மருத்துவர்கள் யாராவது படித்தால் உதவும். ஆட்டிலும் மாட்டிலும் அட்ரோபின் போதுமா என்று கண்மணி விரிவதை வைத்தும் கணிக்கிறோம். பறவையிடம் அது நடக்காது. பறவையின் கருவிழியில் இருப்பது கை கால் தசையைப் போன்ற வரித்தசை. அட்ரோபினுக்கு அது விரியாது. கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கூட்டிக்கொண்டு போனால் மருந்தே விஷமாகிவிடும். வாய் காய்கிறதா, நெஞ்சுச் சத்தம் தெளிகிறதா, இதயம் வேகம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் மயிலுக்கு இருபது நிமிடத்தில் எச்சில் நூல் அறுந்தது. வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுப்பு குறைந்திருந்தது.

இரண்டாவது பெட்டையைக் காப்பாற்ற முடியவில்லை. நெஞ்சில் காதை வைத்தபோது கடகடவென்று தண்ணீர்ச் சத்தம். நான் வருவதற்கு முன்னால் பையன் பதறிப்போய் வாயைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். விழுங்கத் தெம்பில்லாத பறவைக்கு ஊற்றும் தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். விஷத்தால் போனதா தண்ணீரால் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பதரைக்கு அது அடங்கியது. அவனிடம் நான் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை, நல்ல மனசில் செய்தது. ஆனால் படிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்: விஷம் தின்ற பறவைக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர், மோர், முட்டை வெள்ளைக்கரு, எதுவுமே வேண்டாம். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, கழுத்துக்குச் சுருட்டிய துணியை முட்டுக் கொடுத்து, நிழலில் வையுங்கள். தலை மேல் மெல்லிய துணியைப் போட்டு மூடினால் இருட்டில் மயில் அடங்கிவிடும். கால் முள்ளால் கீறவும் செய்யாது. அப்புறம் போன் செய்யுங்கள்.

மற்ற இரண்டுக்கும் ரப்பர் குழாயை வாய் வழியாகத் தீனிப்பைக்குள் விட்டு, தலையை மேலே தூக்கிப் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினேன். வந்த கலவையை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்தோம். பழுப்பு நிறக் குழம்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். பூச்சிமருந்து நெடி லேசாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, கள்ளுக்கடை ஓரத்தில் அடிக்கிற மாதிரி ஒரு புளிப்பு. வெல்லம் புளித்த வாசம்.

"நேத்து என்ன வேலைங்ணா நடந்துச்சு?"

அவரிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். "புழுவுக்குத் தீனி வெச்சமுங்க" என்றார். சொல்லிவிட்டு, தட்டில் இருந்த பழுப்புக் குழம்பைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் இறங்கிவிட்டது. தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இந்த இரண்டையும் வைத்து இன்று கொங்கில் சின்னப் பிள்ளைகூட அதை அடையாளம் சொல்லும். குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்னும். பெரிய புழுவாகிவிட்டால் தெளிக்கிற மருந்து அதன் மேல் படாது. அதற்காகச் சொல்லப்பட்ட வழிதான் நச்சுத் தீனி. 10 கிலோ அரிசித் தவிடு, 2 கிலோ வெல்லம், இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். 24 மணி நேரம் புளிக்க வைக்க வேண்டும். வயலுக்குக் கொண்டு போவதற்கு அரை மணி நேரம் முன்னால் தயோடிகார்ப் 75 சதவீதத் தூள் 100 கிராம் கலக்க வேண்டும். ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் ஒரு சிட்டிகை போட வேண்டும். தயோடிகார்ப், கார்பமேட் வகை.

இதில் எல்லாமே அவர் சரியாகச் செய்திருந்தார், கடைசி வரியைத் தவிர. அந்தக் கடைசி வரி எவ்வளவு பெரிய வேலை என்பதை வயலில் நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டடி வரிசை, வரிசைக்குள் கால் மீட்டர் இடைவெளி என்று போட்டால் ஏக்கருக்கு 26,000 செடிக்கு மேல் வரும். இரண்டரை ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புழு விழுந்த செடிக்கு மட்டும் என்றாலும் ஆயிரக்கணக்கில். வேலைக்கு வந்தது இரண்டு பெண்கள். பொழுது இறங்கின பிறகுதான் புழு வெளியே வரும் என்பதால் நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தார்கள். தண்ணீர் கொஞ்சம் அதிகமாகி, கலவை உதிரியாக இல்லாமல் கட்டி கட்டியாக இருந்திருக்கிறது. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று கடைசி இருபது வரிசைகளில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகச் செடிக்குச் செடி தரையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். வாளியில் மிஞ்சியதை மேற்கு வரப்பின் மூலையில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த மூலையைப் பார்த்தேன். இரண்டு கை அள்ளுகிற அளவுக்குத் தவிடு இன்னும் மிச்சம் இருந்தது. அதன் மேல் மூன்று விரல் தடம், பெரியதும் சின்னதுமாக. பக்கத்தில் மயில் அலகு கொத்திய குழிகள், ஒவ்வொன்றும் கட்டை விரல் நுனி ஆழம். ராத்திரிப் பனியில் ஊறி வெல்லம் மேலே மினுமினுத்தது. எறும்புகள் சாரை சாரையாக வந்து, அங்கேயே செத்துக் குவிந்திருந்தன.

நேரமும் பொருந்தியது. மயில்கள் இட்டேரி ஓரத்து வேம்பிலும் தென்னையிலும் அடைகின்றன. விடிந்து வெளிச்சம் வந்ததும் இறங்கி, முதலில் வரப்போரம் மேய்ந்துகொண்டே தண்ணீர்த் தொட்டிக்கு வரும். கோழியைத் திறந்துவிட்டது ஆறு மணி. அவர் மயில்களைப் பார்த்தது ஆறரை. கார்பமேட் வேகமான விஷம், கால் மணி, அரை மணியில் ஆளைக் காட்டும். கோழியும் மயிலும் மைனாவும் கௌதாரியும் அதே கால் மணி நேரத்தில் அதே மூலையில் தின்றிருக்கின்றன.

ஊர் சொன்ன கதை

மயில், சட்டம் மிக அதிகமாகப் பாதுகாக்கிற முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். 1963இல் தேசியப் பறவை ஆனது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் சிறை. ஆகவே நான் ஊசி போட்டு முடித்த கையோடு வனத்துறைக்குத் தகவல் சொன்னேன். இதை ஒளிக்கக் கூடாது. அவருக்கும் அதைத்தான் சொன்னேன். "ஏனுங்க டாக்டர், ஜெயில்ல போட்ருவாங்ளா?" என்று கேட்டார். "மூலையில இருக்கற தவிட்டைத் தொடாதீங்க, வாளியைக் கழுவாதீங்க, மருந்துப் பாக்கெட்டை எடுத்து வையுங்க, வேலைக்கு வந்தவங்களையும் இருக்கச் சொல்லுங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க" என்றேன். பயத்தில் எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தால் அவருக்குச் சாதகமான சாட்சி அத்தனையும் வாய்க்காலோடு போயிருக்கும்.

அதற்குள் யாரோ ஒருவர் செத்த பெட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். "மயிலுக்கு விஷம் வைத்த விவசாயி" என்று தலைப்பு. அது பரவியதற்கு ஒரு முகாந்திரமும் இருந்தது. தை மாதம் விதைத்த ஆறாம் நாள் மயில்கள் இறங்கி முளைவிட்ட விதையை வரிசை வரிசையாகக் கிளறிவிட்டிருந்தன. இரண்டாவது தடவை விதை வாங்கி ஊன்றினார். அந்தக் கோபத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, "இதுகளுக்கு ஒரு வழி பண்ணாம உடமாட்டேன்" என்று பேசியிருக்கிறார். பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். முருகனுக்கு ஆகாத காரியத்தைச் செய்துவிட்டான் என்று சிவன்மலைக்கு நடந்து போகிறவர்கள்கூடச் சொன்னார்கள். அந்த வீட்டாரிடம் இரண்டு நாள் பால் ஊற்றப் போன இடத்தில்கூட யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேண்டுமென்றே விஷம் வைப்பது நடக்கிறது. மறுக்கவில்லை. நெல்லிலும் சோளத்திலும் மருந்து தோய்த்துத் தூவிய இடங்களுக்கு நானே போயிருக்கிறேன். அங்கே காட்சி வேறு மாதிரி இருக்கும். தீனிப்பையில் முழுத் தானியம் இருக்கும், தூவியது வரப்பு நெடுக இருக்கும், வைத்தவன் தன் கோழியை அன்றைக்குக் கூட்டிலேயே அடைத்திருப்பான். இங்கே அந்த அம்மா தானே கூட்டைத் திறந்துவிட்டார். முட்டையிடுகிற கோழி.

வனத்துறை ஊழியர்கள் முன்னிலையில் பிரேதப் பரிசோதனை செய்தேன். செத்த பெட்டையின் தீனிப்பையில் தவிட்டுக் குழம்பு, கொஞ்சம் புல்விதை, இரண்டு கறையான், அப்புறம் நான் எதிர்பாராத ஒன்று: பதினொரு படைப்புழுக்கள். ஒரு மைனாவை அறுத்தபோது அதிலும் நாலு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தலையில் அதே தலைகீழ்க் கோடு.

அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இந்தப் பறவைகள் அந்தத் தோட்டத்துக்கு வந்ததே புழுவுக்காகவும்தான். எந்தப் புழுவை ஒழிக்க அவர் தவிடும் வெல்லமும் வாங்கிச் செலவு செய்தாரோ, அதைக் கூலி வாங்காமல் பொறுக்கிக்கொண்டிருந்த கூட்டம் அது. உறுப்பு மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. ஐந்து வாரம் கழித்துக் கார்பமேட் என்றே வந்தது. செத்த மயில்களைத் தோகை, இறகு எதையும் எடுக்காமல் ஊழியர்கள் கண் முன்னால் எரித்தார்கள். விசாரணை அவர்கள் வேலை, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆண் மயில் மறுநாள் சாயங்காலம் எழுந்து நின்றது. பெட்டை மூன்றாம் நாள். இரண்டையும் அதே இட்டேரியில் விட்டோம். ஆண் மயில் நாலடி நடந்து, நின்று, தோகையை ஒரு தடவை உதறியது. காய்ந்த சேறு பொரிப்பொரியாக உதிர்ந்தது. அப்புறம் வேலிக்குள் போய்விட்டது.

மயில் ஏன் தோட்டத்துக்குள் வந்தது

என் சின்ன வயசில் மயில் பார்க்க வேண்டுமென்றால் மலைக்கோயிலுக்குப் போக வேண்டும். இப்போது கொங்கில் மயில் அகவாத ஊர் உண்டா என்று தெரியவில்லை. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் நாடு முழுக்க வேகமாகப் பெருகும் பறவைகளில் ஒன்றாக மயிலைச் சொல்கிறது. சட்டம் காப்பாற்றியது, முருக பக்தி காப்பாற்றியது. குஞ்சையும் முட்டையையும் தின்ன நரி இல்லை. ஒளிய சீமைக்கருவேலம் இருக்கிறது. கோடையிலும் சொட்டுநீர்க் குழாய் கசிகிறது. பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்காக மக்காச்சோளம் பரவிக் கிடக்கிறது. பெருகாமல் என்ன செய்யும்?

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். இந்தப் பக்கம் மயிலுக்கு என்று ஓர் இடம் இருந்தது: கொரங்காடு. காங்கயம் மாடு மேய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல்விதை, கறையான், ஓணான், சின்னப் பாம்பு என்று மயிலுக்குத் தேவையானது அத்தனையும் அங்கே. மாடு குறைந்தது, கொரங்காடு மனையாகவும் காற்றாலைக்கும் சோலார் தகட்டுக்கும் போனது. கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டார்கள். இட்டேரிகள் தார்ச் சாலை ஆயின. மயில் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது என்கிறோம். அது நின்ற இடத்தில் இப்போது தோட்டம் மட்டும்தான் மிச்சம் என்பது என் கருத்து. மயிலோடு சேர்ந்து அதே வேலியில் இருந்த கௌதாரி, காடை, செம்போத்து, தவிட்டுக்குருவி எல்லாவற்றின் கதையும் இதுதான். அவை பெருகவில்லை, அதனால் யாரும் பேசுவதில்லை.

அடுத்த மூன்று மாதம் என்ன செய்தோம்

தீனி வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. புழு நிற்கவில்லையே. மாற்றியது மூன்று பழக்கங்களைத்தான். கலவையில் தண்ணீரைக் குறைத்து, பிழிந்தால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டு வந்தோம். கையுறை போட்டு, குருத்துக்குள் மட்டும். ஒரே நாளில் முடிக்காமல் மூன்று சாயங்காலமாகப் பிரித்து, அன்றைக்கு முடியக்கூடிய அளவுக்கு மட்டும் மருந்து கலந்தார்கள். மிஞ்சினால் இரண்டடிக் குழியில் மூடி, மேலே கல் வைத்தார்கள். கூலி கூடியது, இரண்டு ஆள் சம்பளம். செத்துப்போன எருமைக் கன்றுக்கு அழாத மனுசன் அன்றைக்கு வரப்பில் அழுதார், இரண்டு ஆள் கூலியா பெரிசு என்று அவரே சொன்னார்.

அப்புறம் டி வடிவத்தில் குச்சி நட்டோம், ஏக்கருக்குப் பத்து. பயிரின் முதல் மாதத்துக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள், நாங்கள் பிந்திவிட்டோம். ஆனாலும் நட்ட மறுநாளே கரிச்சான் வந்து உட்கார்ந்தது. ஒரு காலையில் நின்று எண்ணினேன்: ஒரே குச்சியிலிருந்து அரை மணி நேரத்தில் பதினேழு தடவை இறங்கி ஏறியது. எல்லாத் தடவையும் புழு இல்லை, பாதிக்குப் பாதி வெறும் அலகு. ஆனால் எட்டு தடவை வாயில் எதையோ கொண்டு வந்து குச்சியில் அடித்துத் தின்றது. மைனாக்கள் குச்சியை மதிக்கவே இல்லை. அவை எருமை முதுகிலிருந்து நேரே வயலுக்குள் இறங்கின. கதிர் வந்த பிறகு குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளி வந்து அதிலேயே உட்கார்ந்து கதிரைக் கிழிக்கும்.

மயிலின் சேதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. இதற்கு அந்த அம்மாவிடம் ஏற்கெனவே பதில் இருந்தது. எழுபது வருடம் காடு காத்தவர். மயில் நாள் முழுக்க வயலில் மேய்வதில்லை. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய இரண்டு மணி நேரம். வெயில் ஏறினால் நிழலில் படுத்து மண்ணில் புரளும். பயிரிலும் அது கெடுக்கிற காலம் இரண்டுதான். விதைத்துப் பத்து நாள், கதிர் பால் பிடித்து முற்றுகிற வரை. நடுவில் உள்ள மாதம் முழுக்க அது புழு பொறுக்குகிற மாதம். அந்த மாதத்தில் மயிலை விரட்டுவது நமக்கே நட்டம். இந்தக் கணக்கைப் பேப்பரில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். கதிர் காலத்தில் கிழக்கு மேற்கு இரண்டு பக்கமும் பழைய சேலைகளை இடுப்பு உயரத்துக்குக் கட்டினார்கள். மினுமினுக்கும் ரிப்பன் நாலு நாள் பயன்பட்டது, ஐந்தாம் நாள் மயில் அதற்குக் கீழே நுழைந்து வந்தது. தகர டப்பாவும் ஆளும்தான் கடைசி வரைக்கும் நின்றன.

தொட்டிக் குழாயின் கசிவை அடைத்தோம். அதற்குப் பதிலாக இட்டேரி ஓரத்து வேம்படியில் ஒரு சிமெண்டுத் தாழி. தண்ணீர் வைத்தால் இன்னும் நாலு மயில் வரும் என்று மகன் வாதாடினான். அது நியாயமான பயம்தான். ஆனால் மாசி பங்குனியில் தண்ணீருக்கு வருவதை நிறுத்த முடியாது, எங்கே வர வேண்டும் என்பதைத்தான் நாம் சொல்லலாம். தாழி வைத்த பிறகு மேற்கு வரப்புக்கு வருவது குறைந்தது. வரவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

சித்திரைக் கடைசியில் அறுவடை. எவ்வளவு போச்சு என்று கேட்டேன். ஓரத்து வரிசைகளில் மட்டும், போன வருடத்தில் பாதி இருக்கும் என்றார்.

வைகாசியில் ஒரு போன்

வைகாசி பத்துத் தேதிவாக்கில் மறுபடி காலையில் போன். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "ஒண்ணுமில்லீங்க டாக்டர். புல்லறுக்கறப்ப மயிலு ஒண்ணு எந்திரிச்சு ஓடுச்சுங்க. பாத்தா முட்டைங்க. அஞ்சு" என்றார்.

கிளுவை வேலிக்கு உள்பக்கம், தீவனப்புல்லின் தூருக்கு நடுவில், மண்ணை லேசாகப் பறித்த குழி. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாலு சருகு. வெளிர் சந்தன நிறத்தில் ஐந்து முட்டைகள், நாட்டுக்கோழி முட்டையைவிட நல்ல பெரிசு. தொடவில்லை. சுற்றிலும் பத்தடி வட்டத்துக்குப் புல்லை அறுக்காமல் விட்டு, நாலு குச்சி நட்டு சேலைத் துண்டு கட்டினார். எருமைக்கு இரண்டு சுமைப் புல் குறையும். அடை 28 நாள், ஆனால் எப்போது உட்கார்ந்தது என்று நமக்குத் தெரியாது. ஆண் மயில் எட்டிக்கூடப் பார்க்காது, அடையும் வளர்ப்பும் பெட்டையின் பாடு. கீரியும் தெருநாயும்தான் கவலை. நாய் வராமல் இருக்க அந்தப் பக்கம் முள் வெட்டிப் போட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் நாலு பொரித்தன. ஒரு முட்டை கூமுட்டை. பொரித்த அன்றைக்கே குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் நடந்துவிட்டன. குழியில் ஓடுகள் மட்டும் கிடந்தன. அகலமான பக்கத்தில் கத்தரியால் வெட்டிய மாதிரி வட்டமாகத் திறந்து, உள்தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. பையன் இரண்டு வாரம் கழித்து, குஞ்சுகள் தத்தித் தத்திக் கிளுவைக் கிளையில் ஏறி அடைவதைப் போனில் படம் எடுத்து அனுப்பினான். அந்த மாதக் கடைசியில் ஒன்று காணவில்லை. வல்லூறு தூக்கியிருக்கலாம்.

ஆடியில் அதே நிலத்தில் நிலக்கடலை போட்டார்கள். விதைத்துப் பத்து நாள் காவல். அந்த அம்மாவின் கயிற்றுக் கட்டிலைக் கிழக்கு மூலைக்கு, வேம்படிக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு காலையில் எருமைக்கு ஊசி போடப் போனவன் அங்கே போய் நின்றேன். ஆறே கால் இருக்கும். பெட்டை மயில் இட்டேரியிலிருந்து கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்து, வேலியைத் தாண்டி வந்தது. பின்னாலேயே குஞ்சுகள், கௌதாரி அளவுக்கு வளர்ந்து, கொண்டை முளை காட்டிக்கொண்டு. அம்மா தகர டப்பாவைக் கையில் எடுத்தார். தட்டவில்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்து, உதடு அசைய எண்ணினார்.

"மூணும் இருக்குது கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டப்பாவைத் தட்டினார்.